வமிசாவளித் தரவுத்தளமும் கணினித் தேர்வும்

கூஃபா நகரத்து அறிஞர் ஹிஷாம் இப்னுல் கல்பீ ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர். அரபுக் குலங்களின் வழிமரபுகளை அவர் திரட்டித் தந்த பெருநூல் ‘ஜம்ஹரத்துன் நஸப்’. ஜெர்மானிய அரபியல் அறிஞர் வெர்னர் காஸ்கெல் அந்நூலை அட்டவணைகளாக வகுத்து, 1966இல் லெய்டன் நகரில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அதன் பெயரடைவில் 35,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. இத்தகையதொரு தொகுப்பை இன்று கணினியில் ஏற்ற விரும்பினால் எத்தகைய கணினி வேண்டும்? வமிசாவளி தொகுக்க முனைவோர் பலரும் எழுப்பும் வினா இது. ‘உள்ளவற்றில் விலையுயர்ந்ததை வாங்குங்கள்’ என்பதே கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் விடை. அவ்விடை சரியன்று என்பதைச் சிறு கணக்கொன்று தெளிவாக்கும்.

‘முஹம்மது’ என்னும் பெயர் யூனிகோடு முறையில் எட்டுக் குறியீடுகளால் அமைகிறது. யு.டி.எஃப்.-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் கொள்ளும். ஆகவே இப்பெயருக்கு 24 பைட்டுகள். பெயர், பெற்றோர், பிறப்பு, மணம், மறைவு, சிறு குறிப்பு என ஒருவருக்குத் தாராளமாக 2,000 பைட்டுகள் ஒதுக்கினாலும், 35,000 பேருக்கு 70 மெகாபைட்டே ஆகும். பத்து இலட்சம் பேருக்கும் 2 கிகாபைட்டே போதுமானது. எழுத்து இடத்தை நிரப்புவதில்லை. இடத்தை நிரப்புபவை பத்திரங்கள், நிக்காஹ் பதிவேடுகள், கல்லறைக் கல்வெட்டுகள் ஆகியவற்றின் படங்களே. ஒரு படம் 10 மெகாபைட் எனில், 10,000 படங்களுக்கு 100 கிகாபைட் வேண்டும்.

அவ்வாறாயின் பெரிய தரவுத்தளங்கள் தாமதிப்பது ஏன்? உறவைத் தேடி நடக்கும் பயணமே காரணம். ஒருவருக்குப் பத்தாம் தலைமுறையில் 1,024 முன்னோரிடங்கள். இருபதாம் தலைமுறையில் 10,48,576. உறவுக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் ஒரே மனிதர் பல இடங்களில் தோன்றுவார். உடன்பிறந்தாரின் மக்கள் தம்முள் மணந்து பெறும் பிள்ளைக்குப் பாட்டன்மார், பாட்டிமாரின் பெற்றோர் எண்மராக இராமல் அறுவராகவே இருப்பர். வமிசமரம் எனப்படுவது உண்மையில் பின்னிய வலை. அவ்வலையில் ஓர் உறவைக் கண்டறிய, மென்பொருள் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறது.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் பழைய வன்தட்டு, சிதறிய பதிவொன்றை எட்ட ஏறத்தாழ ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். ஓர் இலட்சம் பதிவுகளை அவ்வாறு தட்டிலிருந்தே படிக்க நேர்ந்தால் பதினாறு நிமிடங்களுக்கு மேலாகும். எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத தட்டில் இவ்வேலை பத்து விநாடி அளவில் முடியும். தரவு முழுவதும் ரேம் நினைவகத்திலேயே தங்கிவிட்டால் அதனினும் விரைவு. எனவே முதற்செலவு எஸ்.எஸ்.டி.க்கும் நினைவகத்துக்கும் உரியது. பெரும்பாலான தொகுப்புகளுக்கு 16 கிகாபைட் நினைவகம் போதும். படங்களைத் திருத்தும் வேலையும் உண்டெனில் 32 நலம். செயலியில் உட்கருக்கள் பல இருப்பதைவிட, ஒவ்வோர் உட்கருவும் விரைவாக இயங்குவதே முக்கியம். இவ்வகை மென்பொருள்களின் பல வேலைகள் ஒற்றை உட்கருவிலேயே நடைபெறுவன. விளையாட்டுக்கென விற்கப்படும் வரைகலை அட்டை தேவையில்லை. அப்பணத்தை அகன்ற திரைக்குச் செலவிடுவது கண்ணுக்கு நன்று. 32-பிட் மென்பொருள் 4 கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைக் கையாள இயலாது என்பதையும் நினைவிற்கொள்க. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. பழைய கணினியை மலிவாக வாங்குவோர் அது விண்டோஸ் 11ஐ ஏற்குமா எனக் கேட்டறிவது அவசியம். ஏற்காததில் லினக்ஸை நிறுவி, ‘கிராம்ப்ஸ்’ போன்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

புதியது வாங்குமுன் பழையதைச் சோதித்தல் நன்று. தாமதம் நேரும்போது பணி மேலாளரைத் திறந்து, நினைவகம், தட்டு, செயலி ஆகியவற்றுள் எது நிரம்பி நிற்கிறது என நோக்குக. பல வேளைகளில் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவதே போதுமானதாக அமையும்.

இனி, விரைவினும் முதன்மையான ஒன்று. மூன்றாண்டுகள் ஊரூராகச் சென்று பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்ததை ஒரு காலையில் நான் இழந்தேன். வன்தட்டு பழுதுற்றது, காப்புப்படியும் அதே தட்டில்தான் இருந்தது. மீண்டும் கேட்கச் சென்றபோது, ஏழு தலைமுறையை மனத்தில் வைத்திருந்த மூதாட்டி மௌத்தாகிவிட்டிருந்தார். அவர் சொன்ன பெயர்களில் பாதியை இன்றுவரை மீட்க இயலவில்லை.

ஆகவே கணினிக்கான தொகையில் ஒரு பங்கை வெளித்தட்டு இரண்டுக்கும் யு.பி.எஸ். கருவிக்கும் ஒதுக்குக. மூன்று படிகள் இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில், உறவினர் வீட்டில் இருக்கட்டும். மென்பொருளும் ஒருநாள் மறையக்கூடும் என்பதால், ஆண்டுக்கொரு முறை ‘ஜெட்காம்’ கோப்பாகவும் எடுத்து வைக்க வேண்டும். 1984இல் தோன்றிய இப்பொது வடிவத்தை வமிசாவளி மென்பொருள்கள் பெரும்பாலானவை படிக்கும். 2021இல் வெளியான அதன் 7.0 பதிப்பு யு.டி.எஃப்.-8ஐக் கட்டாயமாக்கியிருப்பதால் தமிழ்ப் பெயர்கள் சிதையா.

இப்னுல் கல்பீயின் நூல் நம் காலம்வரை வந்தது, படியெடுத்தோர் அதனைப் படியெடுத்து வைத்ததால்தான். கணினி வாங்கும் நாளிலேயே முதற்படியை எடுத்து வைப்பதை நாமும் வழக்கமாகக் கொள்வோமாக.