சுழலாத தட்டு

நெகிழ்வட்டு என்று ஒன்று இருந்தது. பிளாப்பி என்றால் உங்களுள் பலருக்கு உடனே விளங்கும். கணிப்பொறித் திரையில் ‘சேமி’ என்பதற்கு இடும் சின்னம் அதன் படமே. ஐ.பி.எம். நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1971இல். சோனி தன் விற்பனையை நிறுத்தியது 2011இல். தட்டையே நம்பிப் பிறந்த பழைய கணிப்பொறிகளின் கதி என்ன? சென்ற விடுமுறையில் இக்கேள்வி என் தலையில் வந்து விழுந்தது.

சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை அடுத்த ராமகுப்பம் என் ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர். அங்கே என் தாய்மாமன் வீட்டுப் பரணில் ஒரு பி.பி.சி. மைக்ரோ உறங்கிக் கிடந்தது. 1984இல் நம் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த இனம் அது. ஏதோ ஒரு பள்ளி கழித்துப் போட்டதை மாமா ஏலத்தில் எடுத்தாராம். “தட்டு சுத்துது, ஆனா ஒண்ணும் படிக்க மாட்டேங்குதுடா” என்றார். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஐந்தேகால் அங்குலத் தட்டுகள். அவற்றுள் ஒன்றில், அவர் அந்நாளில் தம் கையால் அமைத்த தமிழ் எழுத்துகள்!

எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் புள்ளி வைத்து அமைத்தவை அவை. நாமே எழுத்து வரைந்துகொள்ள அக்கணிப்பொறி வழக்கமாக ஒதுக்கும் இடம் 32. நம் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. பிறகு காலுக்கும் கொம்புக்கும் எங்கே போவது? ஆய்தத்தையும் ஔகாரத்தையும் மாமா பலி கொடுத்துவிட்டார். தமிழாசிரியர்கள் மன்னிப்பார்களாக!

இனி மாற்றுக் கருவிக்கு வருவோம். ‘கோடெக்’ என்ற எமுலேட்டர் உள்ளங்கை அளவுப் பெட்டி. தையற்பூ இயந்திரம் போன்ற தொழிற்கருவிகளுக்கென விற்கப்படுவது. பின்னால் 34 முனை இணைப்பு, முன்னால் யூ.எஸ்.பி. துளை. கணிப்பொறி “ஒரு தடம் உள்ளே போ” என்று துடிப்பு அனுப்புகிறது. பழைய டிரைவில் தலை நகரும். இங்கே ஓர் எண் மட்டும் மாறுகிறது. தட்டு நிமிடத்துக்கு 300 முறை சுற்ற வேண்டுமன்றோ? இப்பெட்டி நொடிக்கு ஐந்து முறை “இதோ ஒரு சுற்று முடிந்தது” என்று பொய்க் குறி தருகிறது. கணிப்பொறி நம்பிவிடுகிறது! பி.பி.சி.யின் வடிவத்தை அது அறிய, கெயர் ஃபிரேசர் எழுதிய ‘பிளாஷ்பிளாப்பி’ என்ற நிரலை உள்ளே ஏற்ற வேண்டும்.

நாடாக் கம்பியை நான் முதலில் தலைகீழாக மாட்டினேன். விளக்கு அணையாமல் எரிந்தது. எமுலேட்டரானபடியால் ஒன்றும் கெடவில்லை. பழைய டிரைவில் இப்பிழை செய்திருந்தால், உள்ளிருக்கும் தட்டின் ஒரு தடம் அழிந்தும் போகலாம்.

புதுப்பெட்டி ஓடத் தொடங்கியதும் பழைய டிரைவைக் காயலான் கடைக்கு அனுப்ப இருந்தேன். நல்ல வேளை, மாமா தடுத்தார். “என் எழுத்து அதுக்குள்ள எப்படிப் போகும்?” என்று கேட்டார். உண்மைதானே! எமுலேட்டர் தட்டைப் படிக்காது. தட்டின் நகலைத்தான் படிக்கும். அந்த நகலை எடுக்கப் பழைய டிரைவே வேண்டும்.

ஆகவே தட்டில் படிந்த பூஞ்சையையும் டிரைவின் தலையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் மெல்லத் துடைத்தோம். தட்டின் ஓரத்து வெட்டைத் தாள் ஒட்டி மூடினோம். மூடினால் எதுவும் எழுதப்படாது. பின்னர் ‘கிரீஸ்வீசல்’ என்ற சிறு பலகை வழியாக டிரைவை என் மடிக்கணினியோடு இணைத்து, தடம் தடமாகக் காந்தத் துடிப்புகளைப் பதிந்தேன். நாற்பது தடங்களில் இரண்டு கடைசி வரை மசியவில்லை. அவற்றில் இருந்தவை மாணவர் மதிப்பெண்களாம், மாமா வருந்தவில்லை.

நகலை யூ.எஸ்.பி.யில் இட்டுக் கணிப்பொறியை முடுக்கினோம். எழுத்துகள் வரிசையாக வந்தன. ழகரத்துக்கு மட்டும் கீழ்வால் இல்லை. அந்தப் பகுதியும் அழிந்துவிட்டதோ என்று பதறினேன்.

“அது அப்பவே அப்படித்தாண்டா. எட்டுப் புள்ளியில இடம் பத்தல” என்றார் மாமா.