சட்டம் கடைமடைக்கு வந்து சேரும் வரை



மேட்டூரில் மதகு திறந்த அன்றைக்கே பேராவூரணி வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுமா? வராது. கல்லணைக்கு வந்து, புது ஆற்றில் இறங்கி, கிளை வாய்க்கால் பிரிந்து கடைமடைக்கு வர நாள் ஆகும். நடுவில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அதுவும் இல்லை.

பெண்களைக் காக்கும் சட்டமும் அப்படித்தான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு, கடைசி பஸ்ஸும் போன பிறகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிற பெண்ணுக்கு அது எட்டுவதில்லை. அந்த நேரத்தில் எட்டுகிற தூரத்தில் இருப்பது நம் குழுதான்.

நம் குழுவிலும் இருக்கிறார்களா?

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். 15 பேர் உள்ள குழு என்றால் கணக்குப்படி 5 பேராவது இருப்பார்கள். இந்திய அளவில், வன்முறையைச் சந்தித்த பெண்களில் உதவி கேட்டவர்கள் 100-க்கு 14 பேர்தான். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே நம் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

எதெல்லாம் வன்முறை?

அடி உதை மட்டும் இல்லை. ஓயாமல் கேவலமாகப் பேசுவது, விருப்பம் இல்லாமல் உடலைத் தொல்லைப்படுத்துவது, சாப்பாட்டுச் செலவுக்குக் காசு தராமல் வைப்பது எல்லாமே இந்தச் சட்டப்படி வன்முறை. நடவுக் கூலியைப் பிடுங்குவது, ஏடிஎம் கார்டை எடுத்து வைத்துக்கொள்வது, நகையைக் கேட்காமல் அடகு வைப்பது ஆகியவையும் வன்முறைதான். மனைவிக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அந்த வீட்டில் வாழும் தாய், மகள், சகோதரி, விதவை மருமகள் எல்லோருக்கும் இந்தச் சட்டம் உண்டு.

சட்டம் என்ன தருகிறது?

நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் மனு கொடுத்தால், "அடிக்கக் கூடாது, கிட்டே வரக் கூடாது" என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவும், செலவுத் தொகையும், பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவும் கேட்கலாம். வீடு மாமனார் பேரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே வசிக்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மனுவை 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும். அதனால் மனு போடும்போதே இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேட்க வேண்டும். வக்கீலுக்குக் காசு இல்லையே என்று பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி எண் 15100.

தண்ணீர் எங்கே நின்றுபோகிறது?

இந்தச் சட்டத்தில் முக்கியமானவர் பாதுகாப்பு அலுவலர். நடந்ததை எழுதி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவது, பெண்ணைத் தங்குமிடத்தில் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் அவரைப் பார்க்கலாம். ஆனால் அலுவலகம் இருப்பது தஞ்சாவூரில். ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறிப் போனால் அவர் வேறு ஊருக்கு விசாரணைக்குப் போயிருப்பார். இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. சட்டம் வந்து இத்தனை ஆண்டு கழித்தும், மாவட்டத்திலும் தாலுகாவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமியுங்கள் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

இங்கேதான் நாம் மண்வெட்டி எடுக்க வேண்டும். இதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வன்முறை நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. "அது அவங்க குடும்ப விஷயம், நமக்கென்ன?" என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

குழு செய்ய வேண்டியவை

1. அடையாளம் காணுங்கள். வாராவாரம் வந்தவள் வரவில்லை, தவணை நின்றுபோனது, வெயிலிலும் முழங்கை மூடிய ரவிக்கை போட்டிருக்கிறாள் என்றால், தவணை கேட்கும் முன்னால் "என்னம்மா ஆச்சு?" என்று தனியாகக் கேளுங்கள். கடனைக் கேட்டு நாலு பேர் வாசலில் நின்றால், அன்றைக்கு ராத்திரி அடி அவளுக்குத்தான். தவணைக்கு அவகாசம் கொடுங்கள்.

2. ஒரு வீட்டை முடிவு செய்து வையுங்கள். ராத்திரி எந்நேரமும் கதவைத் தட்டலாம் என்று ஓர் உறுப்பினர் வீடு இருக்கட்டும். அது எந்த வீடு என்று வெளியே பேச வேண்டாம்.

3. ஒரு பையைப் பத்திரப்படுத்துங்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மருத்துவச் சீட்டு இவற்றின் நகலும் கொஞ்சம் பஸ் காசும் நம்பிக்கையான தோழியிடம் இருக்கட்டும்.

4. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்ல வேண்டாம். யார் அடித்தது என்று டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். பின்னால் கோர்ட்டில் அதுதான் சாட்சி.

5. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கணவரோ அவர் உறவினரோ செய்யும் கொடுமைக்குத் தனியாகக் குற்ற வழக்கும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு.

6. எண்களை மனப்பாடம் செய்யுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உடனே போலீஸ் வர 112. 181-இல் கேட்டால் சகி என்னும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். அங்கே சில நாள் தங்கவும் செய்யலாம்.

கழுத்தை நெரித்தாலோ, மண்ணெண்ணெய், அரிவாள் என்று கையில் எடுத்தாலோ, "கொன்னுடுவேன்" என்று சொன்னாலோ யோசிக்கவே வேண்டாம். அன்றைக்கே அவளையும் பிள்ளைகளையும் அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள்.

குழு செய்யக் கூடாதவை

கணவனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். நம் முன்னால் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அதற்கும் சேர்த்து அடிப்பான். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். அவள் கதையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதாதீர்கள். அதைப் பத்துப் பேர் புரட்டிப் பார்ப்பார்கள். தேதியும் நடந்ததும் தனி நோட்டில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேல், போவதா இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவள் அவள்தான். ஒரு தடவை திரும்பிப் போய்விட்டாள் என்று கைவிட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளை மறக்க வேண்டாம்

அடி அம்மாவுக்கு விழுந்தாலும் பயம் பிள்ளைக்குள் தங்கிவிடும். படுக்கையை நனைப்பது, பேச்சு குறைவது, பள்ளிக்கூடம் போக மறுப்பது எல்லாம் அதன் அடையாளம். அங்கன்வாடிப் பணியாளரிடமும் ஆசிரியரிடமும் காதில் போட்டு வையுங்கள். பிள்ளைக்குப் பாலியல் தொல்லை என்று தெரிந்தால், போலீசில் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்த எல்லோருக்கும் கடமை.

செய்து காட்டியவர்கள்

நம் பக்கத்துப் புதுக்கோட்டையில், ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து பெண்களின் வழக்கைப் பேசிய ஜமாஅத்துக்கு மாற்றாக, ஷரீஃபா கானமும் அவருடைய தோழிகளும் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணை எதிரில் உட்கார வைத்து, அவள் வாயால் கேட்டு, மனுவாக வாங்கி, காவல் நிலையம் வரை கூடப் போனார்கள். கேரளத்தில் நம்மைப் போன்ற குழுக்களின் குடும்பஸ்ரீ அமைப்பு, 2013-இல் ஸ்நேகிதா என்ற உதவி மையத்தைத் தொடங்கி, பெண்களுக்குத் தற்காலிகத் தங்குமிடமும் ஆலோசனையும் தருகிறது. பெண்கள் சேர்ந்து உட்கார்ந்ததில் தொடங்கியவைதான் இரண்டுமே.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநரும் பிரதிநிதிகளும் இதைப் படித்துக் காட்டுங்கள். இரவில் கதவு திறக்கும் வீடு எது, கூடப் போகும் இரண்டு பேர் யார், பஸ் செலவுக்குப் பொது நிதியில் எவ்வளவு என்று மூன்றை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள். தாலுகாவுக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்று கிராம சபையிலும் கேளுங்கள். அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நம் ஊரில் எந்தப் பெண்ணும் ராத்திரியில் தனியாக நிற்க வேண்டாம்.