பாத்திக்கு மரச்சீவல் போடுறீங்களா? மண்ணோடு கொத்தி விடாதீங்க!

ஒட்டன்சத்திரம்:

கோடை வந்தால் கத்தரி, தக்காளி பாத்திக்கு காலையில் விட்ட தண்ணீர் மதியமே காணாமல் போய்விடும். ஒட்டன்சத்திரம் பகுதி காய்கறி தோட்டக்காரர்களுக்கும், வீட்டு கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவர்களுக்கும் இதற்கு கைகொடுப்பது மூடாக்கு. மர அறுவை மில்லில் கழியும் சில்லு, தச்சு பட்டறையில் விழும் சீவலே போதும். வெயில் நேராக மண்ணில் படாது. ஈரம் நிற்கும். களையும் குறையும்.

மஞ்சளாவது ஏன்?

ஆனால் சிலர், எருவாகட்டுமே என்று சீவலை மண்ணோடு கொத்தி விடுகிறார்கள். இங்கேதான் வினையே. மரத்தை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு தழைச்சத்து வேண்டும். மரத்தில் அது ரொம்ப குறைவு. அதனால் மண்ணில் இருப்பதை இழுத்துக் கொள்கின்றன. செடி பட்டினி கிடக்கிறது. அடி இலை மஞ்சளாகி, வளர்ச்சி நின்று, நாற்று வாங்கிய காசும் போச்சு. மேலாக பரப்பினால் இந்த தொல்லை மேல்மண்ணோடு நின்றுவிடும். ஏற்கனவே கொத்தி விட்டவர்கள், மக்கிய தொழு உரமும் கடலை பிண்ணாக்கும் போட்டு செடியை தேற்றலாம்.

எப்படி போடுவது?

களை பறித்து, தண்ணீர் விட்ட பிறகு 2 முதல் 3 அங்குலம் பரப்ப வேண்டும். தண்டை ஒட்டி குவித்தால் அழுகும். நாலு விரல் தள்ளியே இருக்கட்டும். மாவு மாதிரி மரத்தூளை மட்டும் கொட்டினால் படிந்து இறுகி தண்ணீரை உள்ளே விடாது. கீரை விதை தூவிய பாத்திக்கு வேண்டாம், முளை மேலே வராது. பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் சீவல் கூடவே கூடாது. கரையான் உள்ள இடமானால் வாரம் ஒரு தடவை கிளறி பார்த்துக் கொள்ள வேண்டும்.