இந்திரலாலின் ஆகாயம்

சண்டை என்றால் காத தூரம் ஓடுகிற சுபாவம் எனக்கு. அப்படிப்பட்டவன் சென்ற கோடை விடுமுறையில் பதினேழு தடவை வானத்தில் மடிந்தேன். நேயர்கள் பயப்பட வேண்டாம். எல்லாம் என் மகனுடைய கம்ப்யூட்டரில்தான்!

2009-ல் வெளிவந்த 'ரைஸ் ஆஃப் ஃப்ளைட்' என்னும் அந்த விளையாட்டு, முதல் உலக மகாயுத்தத்தின் ஆகாயத்தைக் கண்முன் கொண்டுவந்து விடுகிறது. நான் போட்டுக்கொண்ட வேஷம் இந்திரலால் ராய். 1898-ல் கல்கத்தாவில் பிறந்த வங்காளி. 1917 டிசம்பரில் விமானத்தோடு விழுந்து காயமுற்றார். பறக்கத் தகுதியில்லையென்று வைத்தியர்கள் ஒதுக்கிவிட்டார்கள். விடாமல் மன்றாடி மறுபடியும் ஏறியவர், 1918 ஜூலை 6 முதல் 19 வரையில் பத்து ஜயங்கள் பெற்றார். வயது பத்தொன்பது!

அவருடைய எஸ்.இ.5ஏ விமானத்தின் மேல் இறக்கையில் ஒரு லூயிஸ் துப்பாக்கி உண்டு. தோட்டா தீர்ந்தால் அதைக் கையால் கீழே இழுத்து, முகத்தில் அறையும் காற்றிலே வேறு தோட்டா வட்டை மாட்டவேண்டும். அதுவரை விமானத்தை ஓட்டுவது யார்? முழங்கால்கள்தான்! எனக்கோ ஒரு பொத்தான் போதும். பாராசூட்டும் அவருக்கில்லை.

ஒரே உயிர் என்று நிபந்தனை வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. பதினெட்டாம் முறை எப்படியோ தப்பிப் பிழைத்து, ஜூலை 22-ஐ எட்டினேன். அன்றுதான் பிரான்ஸ் தேசத்துக் கார்வின் ஊருக்குமேல், ஃபோக்கர் விமானங்களுடன் நடந்த போரில் இந்திரலால் மாண்டார்.

"ஏறுங்கள், அப்பா!" என்றான் மகன்.

எனக்குக் கை எழவில்லை.