தீமைக்கு எதிர் நன்மை

தீமை செய்தவருக்கும் நன்மை செய்க என்னும் அறம் நமக்குப் புதியதன்று. திருக்குறளில் ‘இன்னா செய்யாமை’ என்னும் அதிகாரத்தைப் பயின்றோர் அதனை நன்கறிவர். கிறிஸ்தவ வாழ்விலோ இது அடிப்படைக் கடமைகளுள் ஒன்று. மத்தேயு சுவிசேஷத்தில் இடம்பெறும் மலைப் பிரசங்கத்தில், பகைவரையும் நேசிக்குமாறு இயேசு பெருமான் உபதேசிக்கிறார். கதிரவனும் மழையும் நல்லோர், தீயோர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இறைவனின் மக்களும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்பது அவர் காட்டும் காரணம்.

இது நடைமுறைக்கு ஒவ்வுமா என்று நாம் ஐயுறலாம். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு விடை உண்டு.

ஆஸ்திரேலியரான கிரஹாம் ஸ்டெயின்ஸ், ஒடிசா மாநிலத்துப் பாரிபதா நகரில் 1965 முதல் தொழுநோயாளருக்குத் தொண்டாற்றி வந்தார். 1999 ஜனவரி 22ஆம் நாள் இரவு, மனோகர்பூர் என்னும் சிற்றூரில் வண்டியில் உறங்கிக்கொண்டிருந்த அவரையும் அவருடைய சிறு புதல்வர் இருவரையும் ஒரு கும்பல் தீயிட்டுக் கொன்றது. அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார், கொன்றவர்களை மன்னித்ததாக வெளிப்படையாக அறிவித்தார். அதனோடு நில்லாமல், 2004 வரை பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

மன்னிப்பு என்பது குற்றத்தை மறைப்பதாகுமோ? அன்று. வழக்கு தன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பவுல் அடிகளின் ரோமர் நிருபத்திலும் இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன. 12ஆம் அதிகாரம் பழிவாங்குதலை விலக்கிப் பசித்த பகைவனுக்கு உணவளிக்கச் சொல்கிறது. 13ஆம் அதிகாரம் தீயோரைத் தண்டிக்கும் பொறுப்பு அரசினுடையது என்கிறது. நீதி அரசின் கடமை. பழியைக் கைவிடுதல் நம் கடமை.

நன்மை செய்தால் எதிரி திருந்தியே தீருவான் என்னும் உறுதி எங்கும் இல்லை. ஆயினும், அவனுடைய தீமை நம்மையும் தன் வழிக்கு இழுத்துச் செல்லாதவாறு அது காக்கின்றது. நமக்கு நேரும் இன்னல்கள் பெரும்பாலும் சிறியவை: அலுவலகத்தில் ஒரு கடுஞ்சொல், உறவினரின் புறக்கணிப்பு, அண்டை வீட்டாரின் ஏளனம். கடுமொழி பேசியவர் நோயுற்ற நாளில் அவர் வாயிலுக்குச் சென்று நலம் கேட்கலாம். பெரிய மன்னிப்புக்குரிய பயிற்சி இத்தகைய சிறு செயல்களிலேயே தொடங்குகின்றது.