நாரத்தையும் ஆரஞ்சும்

சங்கரன்கோவில் கடைத்தெருவில் பழக்கடைக்காரரிடம் ‘ஆரஞ்சு என்ன விலை?’ என்று கேட்பவரே, வீடு திரும்பித் தயிர்ச்சோற்றுக்கு உப்பு நாரத்தங்காய்த் துண்டொன்றை இலையோரத்தில் வைத்துக்கொள்ளும்போது, தாம் கடையில் உச்சரித்த பெயரும் இலையில் இருப்பதன் பெயரும் மூலத்தில் ஒன்றாக இருக்கக்கூடும் என்று எண்ணுவதில்லை.

ஆரஞ்சு என்னும் ஆங்கிலச் சொல்லின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனால், பிரெஞ்சைக் கடந்து, அரபியின் ‘நாரஞ்ச்’, பாரசீகத்தின் ‘நாரங்’, சம்ஸ்கிருதத்தின் ‘நாரங்க’ என்று அது படிப்படியாகக் கிழக்கே வந்து சேர்கிறது. சம்ஸ்கிருதத்துக்கும் அது திராவிட பாஷையொன்றிலிருந்தே சென்றிருக்க வேண்டும் என்பது மொழிநூலார் பலருடைய அபிப்பிராயம். தமிழின் நாரத்தை, நாரந்தம் என்பவற்றையும் மலையாளத்தின் நாரங்ஙாவையும் அவர்கள் சான்று காட்டுவர். நாறுதல் என்ற சொல்லில் துர்நாற்றம் என்ற பொருளே மேலோங்கியது பிற்காலத்தில்தான். பழந்தமிழில் அது பரிமளத்தையும் குறித்தது. ஆகையால், மணமுள்ள காய் என்ற கருத்திலேயே இப்பெயர் பிறந்தது என்று கொள்வோரும் உண்டு. இஃது அறுதியிட்ட முடிபன்று. ஆயினும் நாரத்தை இலையொன்றைக் கசக்கி முகர்ந்து பார்த்தவன் என்ற முறையில், என் மனம் அப்பக்கமே சாய்கிறது.

அரபியர் கசப்பு நாரத்தையைச் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டு சென்றபோது பெயரும் உடன் சென்றது. ஸ்பானியர் அதை ‘நரான்ஹா’ என்றனர். ஹங்கேரியர் ‘நரான்ச்’ என்றனர். போர்ச்சுகீசியர் நகரத்தை லகரமாக்கி ‘லராஞ்சா’ என்றனர். இத்தாலியரோ, ‘ஒரு’ என்பதற்கு அவர்கள் வழங்கும் ‘ஊனா’ என்ற சொல்லின் ஈற்றொலியோடு பழத்தின் முதலொலி கலந்து மயங்கியமையால், அந்த நகரத்தை அடியோடு இழந்து ‘அரான்ச்சா’ என்றனர். பிரெஞ்சில் அதன்மீது பொன்னைக் குறிக்கும் ‘ஓர்’ என்ற சொல்லின் சாயலும் படிந்ததாகச் சொல்வர். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போன இச்சொல், 16-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு நிறத்துக்கும் பெயராயிற்று.

பின்னர், வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக்கு வழி கண்டபின் பெருகிய போர்ச்சுகீசியர் வாணிபத்தால் இனிப்புப் பழம் ஐரோப்பாவெங்கும் மிகுந்தபோது, கிரேக்கர் அதனைப் ‘போர்த்தொகாலி’ என்றும், ருமேனியர் ‘போர்த்தொகாலா’ என்றும், விற்றவர் தேசத்தின் பெயராலேயே அழைக்கலாயினர். டச்சுக்காரரும் ருஷ்யரும் வழங்கும் பெயர்களுக்குச் சீனத்து ஆப்பிள் என்று பொருள். கிரேக்கரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: புதிய பழத்துக்குப் புதிய பெயர் சூட்டிய அவர்கள், கசப்புப் பழத்தை இன்றுவரை ‘நெரான்ட்சி’ என்றே அழைக்கிறார்கள். அரனையும் அரியையும் ஒரே திருமேனியில் வைத்து வணங்கும் சங்கரநாராயணர் சந்நிதியிலிருந்து இதை எண்ணிப் பார்க்கும்போது, புதியதை ஏற்றும் பழையதைக் கைவிடாத அந்தப் பாஷையின் மீது எனக்கு மதிப்பு மிகுகிறது.

நாமோ அவ்விதம் செய்யவில்லை. இனிப்புப் பழத்துக்குத் தமிழில் கிச்சிலி என்றொரு பெயர் இருந்தது. இன்று கடைத்தெருவில் அதைச் சொல்வார் அரியர். இலங்கைத் தமிழர் மட்டும் தோடம்பழம் என்ற தம் பெயரை விடாமல் வழங்கி வருகின்றனர். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்பழங்களுக்கு என்னென்ன பெயர் சொல்லி வந்தார்கள் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.