இம்போர்ட்டுக்கு ஒரு தடை

எங்கள் பில்லிங் ப்ராஜெக்ட்டில் ஒரு விதி உண்டு: பக்கங்களுக்கான கோடு டேட்டாபேஸ் மாட்யூலை நேரடியாகத் தொடக்கூடாது; யாருக்கு எதைக் காட்டலாம் என்று சரிபார்க்கும் சர்வீஸ் வழியாகத்தான் போகணும். அதை ரீட்மீ ஃபைலில் எழுதியது நான். ஒரு அவசரத்தில் மீறியதும் நான்தான். ஒருவருடைய பில் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம்தான் ஈஎஸ்லின்ட்டில் 'நோ-ரெஸ்ட்ரிக்டட்-இம்போர்ட்ஸ்' விதியைப் போட்டேன். 'பாத்ஸ்' என்பதில் குறிப்பிட்ட மாட்யூலையும், 'பேட்டர்ன்ஸ்' என்பதில் ஒரு ஃபோல்டர் முழுவதையும் தடுக்கலாம். 'ஃபைல்ஸ்' என்பதில் பக்கங்களின் ஃபோல்டரைக் கொடுத்தால் தடை அங்கே மட்டும்தான், சர்வீஸுக்குப் பாதிப்பில்லை. 'மெசேஜ்' என்பதை விட்டுடாதீங்க. "இதற்குப் பதில் பில் சர்வீஸைப் பயன்படுத்தவும்" என்று எழுதினால், எடிட்டரிலேயே பதில் கிடைக்கும். வெறும் தடை என்றால் டிஸேபிள் கமெண்ட் போட்டுத் தாண்டிவிடுவார்கள்.

இரண்டு ஓட்டைகள் உண்டு. இந்த விதி இம்போர்ட் வரியில் எழுதிய பாதையைத்தான் ஒப்பிடும்; அதனால் ரிலேட்டிவ் பாதை, அலையஸ் இரண்டையும் பேட்டர்னில் சேர்க்கணும். டைனமிக் இம்போர்ட்டும் ரெக்வயரும் இதன் கண்ணில் படாது.

அதனால் அனுமதிச் சோதனையை டேட்டாபேஸ் மாட்யூலுக்கு உள்ளேயும் வைத்துவிட்டேன்.